பெரியம்மாவின் தும்மல் போன தூரம்

இந்த வயதில் நாங்கள் தும்மினால் பக்கத்தில் இருப்பவர்கள் 'நூறு வயசு' என்று சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கணக்குப் பார்த்தால் அதிகம் மிச்சமில்லை என்று அவர்களுக்கும் தெரியும். போன மாதம் நான் தும்மியபோது மகன் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே, "தும்மல் எவ்வளவு வேகத்திலை போகும் எண்டு தெரியுமோ அம்மா?" என்று கேட்டான். "மணிக்கு நூறு மைல்" என்றேன் உடனே. அவன் சிரித்தான். அது பழைய கதையாம். அண்மையில் வேகக் கமெரா வைத்து அளந்து பார்த்திருக்கிறார்களாம். ஏறக்குறையப் பத்து மைல்தானாம். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் வேகம். ஆனால் வேகம் குறைந்தாலும் தூரம் குறையவில்லையாம். நுண்ணிய துளிகள் காற்றோடு மிதந்து அறை முழுக்கப் போகுமாம்.

அன்று முழுவதும் எனக்கு மனம் சரியில்லை. அந்த நூறு மைலை நம்பி நாங்கள் ஒரு மனுசியை வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறோம். அனுப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. உங்களில் பலர் அந்தக் காலத்துக் கொழும்பு வெள்ளவத்தையை அறிந்தவர்கள். ஆகவே உங்களிடம் சொல்லலாம்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கிவிட்டது; ஆனால் எங்கள் கடலுக்கு இன்னும் வரவில்லை. எனக்குப் பத்து வயது. கடலை நோக்கி இறங்குகிற ஓர் ஒழுங்கையில், ரயில் பாதைக்கு நாலு வீடு முன்னால் எங்கள் வாடகை வீடு. கடலிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கினால் அந்த வீட்டில் எதுவும் காயாது. யன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். அப்பாவின் கந்தோர்ச் சப்பாத்தில் இரண்டு நாளில் பச்சைப் பூஞ்சணம் பிடிக்கும். மெத்தை, தலையணை எல்லாம் இலவம்பஞ்சு. கையை அழுத்தி எடுத்தால் ஈரம் தெரியும், பழைய சாக்கு நாற்றம் ஒன்று எழும். அந்த நாற்றத்தைத்தான் நான் வீட்டின் மணம் என்று நினைத்து வளர்ந்தேன்.

உள்ளறையில் அம்மா, பத்து மாதத் தம்பி, நான், பெரியம்மா. முன்னறையில் அப்பா. விறாந்தையின் ஒரு பக்கத்தைத் தட்டி கட்டி மறைத்து அதில் சித்தப்பா.

பெரியம்மா அம்மாவுக்கு ஆறு வயது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. கையால் சுழற்றுகிற தையல் மெஷின் ஒன்று வைத்திருந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு முஸ்லிம் தையற்காரருக்குச் சட்டைகளுக்குப் பொத்தான் துளையும் குழந்தை உடுப்பும் தைத்துக் கொடுப்பார். தம்பியை நித்திரையாக்குவது, குளிப்பாட்டுவது, என் தலைக்கு எண்ணெய் வைப்பது எல்லாம் அவர்தான்.

காலையில் எழுந்தவுடன் பெரியம்மா தும்முவார். ஒன்று இரண்டு அல்ல. ஏழு, எட்டு, சில நாளில் பதினொன்று. முதலாவது வருமுன் கண்ணை மூடி முகத்தை மேலே தூக்கி, ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்பவர்போல ஒரு கணம் நிற்பார். பிறகு வீடு அதிரும். முன்னறையில் சவரம் செய்கிற அப்பா கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துப் பிடித்துக்கொண்டு முடியும்வரை காத்திருப்பார். தொட்டிலில் தம்பி ஒவ்வொரு தும்மலுக்கும் சிரிப்பான். அம்மா குசினியிலிருந்து "நூறு, நூறு" என்பாள். எங்களுக்கு விடிவது அப்படித்தான்.

பயம் வந்தது அயலிலிருந்து. மூன்று வீடு மேலே, புதிதாக ஆசிரியை வேலைக்குப் போகத் தொடங்கிய ஓர் அக்கா இருந்தா. ஒருநாள் பின்னேரம் அவவை ஒரு காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவவுடைய மெத்தையையும் பாயையும் கடற்கரையில் வைத்து எரித்தார்கள். சுகாதாரக் கந்தோர்க்காரர் வந்து வீட்டுச் சுவருக்கெல்லாம் வெள்ளை அடிக்கச் சொன்னாராம். சயரோகம் என்ற சொல்லை அம்மா வாயால் சொல்லமாட்டாள். 'அந்த வருத்தம்' என்பாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த ஒரு பிள்ளை எட்டு மாதத்தில் காய்ச்சலில் போயிருந்தது. அதன்பிறகு பிறந்த தம்பியை அம்மா எப்போதும் ஒரு கையால் தொட்டுக்கொண்டே இருப்பாள். மெத்தை எரித்த நாளிலிருந்து ஒழுங்கைப் பக்கத்து யன்னலைத் திறக்கவே விடவில்லை.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. வைத்தியக் கல்லூரியில் மூன்றாம் வருடம். எங்கள் பரம்பரையில் முதல் டொக்டர் அவர்தான் என்று முடிவாகியிருந்தது. நீண்ட விரல்கள். கிருமி கொல்கிற கொண்டிஸ் கரைத்த ஊதா நீரில் ஒரு நாளில் பத்துத் தடவை கை கழுவுவார். அதனால் நகமெல்லாம் மண்ணிறமாக இருக்கும். தனக்கென்று தனிக் கோப்பை வைத்திருந்தார். கல்லூரியால் வந்தவுடன் கையைக் கழுவிவிட்டு நேரே வந்து தம்பியைத் தூக்கி, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு உலாத்துவார். அந்த மாதங்களில் அவர் மெலிந்திருந்தார். சோதனைக்குப் படிக்கிறார், அதுதான் என்று அம்மா சொன்னாள். அவருக்கென்று ஒரு முட்டையும் கூட்டிக் கொடுத்தாள்.

ஒருநாள் அவர் நூல்நிலையத்திலிருந்து ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை கொண்டுவந்தார். அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரு படம். கறுப்புப் பின்னணி. பக்கவாட்டில் ஒரு மனிதனின் முகம், கண் இறுக்க மூடியிருந்தது. வாயிலிருந்து வெள்ளையாக ஒரு புகார், தெருவிளக்கின் கீழே தூறல் தெரிவதுபோல, படத்தின் விளிம்புவரை சிதறியிருந்தது. மின்னல் போன்ற வெளிச்சத்தில் எடுத்ததாம். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காரியம், ஆனால் அதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

"இது தும்மல்" என்றார் சித்தப்பா. "ஒரு தும்மலிலை ஆயிரக்கணக்கான துளி. மணிக்கு நூறு மைல் வேகம். காங்கேசன்துறை மெயிலைவிட வேகம்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். பிறகு திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா மெஷினில் ஊசி கோர்த்துக்கொண்டிருந்தார். "என்ன, என்னை ஏன் பாக்கிறாய்?" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா அளந்து பார்ப்பதென்று தீர்மானித்தார். நுணுக்குக்காட்டியில் வைக்கிற கண்ணாடித் துண்டுகள் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். பெரியம்மாவின் கட்டிலிலிருந்து தம்பியின் தொட்டில்வரை ஓர் அடிக்கு ஒன்றாக நிலத்தில் அடுக்கினோம். தூரம் அளக்கப் பெரியம்மாவின் தையல் நாடாவையே வாங்கினார். பதினொரு அடி. நான் அன்று முழுகிவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றேன். எனக்கு ஒரே பெருமை, சித்தப்பாவின் உதவியாள் என்று.

பெரியம்மா கட்டிலில் இருந்தபடி காத்திருந்தார். "தம்பி, கேட்டவுடனை வாற சாமானே இது?" என்றார்.

"பொறுத்துப் பாப்பம் அக்கா."

வரவில்லை. யன்னலைப் பார்த்தார், மேலே பார்த்தார். கடைசியில் எழுந்து தலையணையை இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். அடுத்தடுத்து ஏழு. தம்பி குசினியில் அம்மாவின் இடுப்பில் இருந்துகொண்டு சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

சித்தப்பா குந்தியிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் நாலைந்தில் நிறையத் துளி. ஆறில் மூன்று. ஏழில் ஒன்று. எட்டு, ஒன்பது, பத்தில் ஒன்றுமில்லை. அவர் எழும்பி முழங்காலைத் தட்டினார். "அந்தக் கடைசியையும் எடுத்துக்கொண்டு வாரும்" என்று என்னிடம் சொன்னார்.

நான் தொட்டிலுக்குக் கீழே குனிந்தேன். கண்ணாடியின் நடுவில் பெரிதாக, தெளிவாக ஒரு துளி இருந்தது. "இதிலையும் இருக்குது சித்தப்பா" என்று கத்தினேன். சொல்லி முடிக்கும்போதே என் காதோரத்து முடியிலிருந்து இன்னொரு துளி விழுந்து கன்னத்தில் வழிந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் விளங்கியது என்று சொன்னால் அது பொய். ஆனால் சித்தப்பா அதற்குள் ஓடிவந்து கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கெட்டிக்காரி" என்றார். அவர் அப்படி ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நான் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு பேசாமல் நின்றேன்.

மறுநாள் காலை பெரியம்மா தும்மினார். அம்மா "நூறு" சொல்லவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டாள். பெரியம்மா மூன்றாவது தும்மலோடு சேலைத் தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டார்.

ஒரு கிழமை அப்படிப் போயிற்று. பிறகு ஒரு பின்னேரம், அப்பா கந்தோரால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது சித்தப்பா தொடங்கினார்.

"அக்காவைக் குறையெண்டு நான் சொல்லேல்லை அண்ணை. அவவுக்குள்ளை என்ன இருக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுமட்டும் எண்டாலும் தள்ளி இருந்தா நல்லம்."

"விறாந்தையிலை படுக்கட்டுமே" என்றார் அப்பா.

"விறாந்தையிலை நான் படுக்கிறன். காத்து அங்கயிருந்து உள்ளுக்குத்தானே அடிக்குது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தாள். தன் அக்காவைப் போகச் சொல் என்று அவள் வாயால் சொல்லவில்லை. போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மெஷின் சத்தம் நின்றது. "நான் கொட்டாஞ்சேனைக்குப் போறன்" என்றார் பெரியம்மா. "அந்தத் தையற்காரற்றை வீட்டுக்குப் பின்னாலை ஒரு அறை கிடக்கு. வரச்சொல்லி அவற்றை மனுசி எத்தினை தரம் கேட்டது."

"கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா" என்றார் சித்தப்பா.

"ஓம் தம்பி. நீர் படிச்சனீர்."

அவர் போனது ஒரு சனிக்கிழமை. ரிக்சோவில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். காலடியில் ஒரு தகரப் பெட்டி. அம்மா படலைக்கு வரவில்லை. உள்ளே தம்பி அழுகிறான் என்றாள். அவன் உண்மையில் அழுதுகொண்டுதான் இருந்தான். ரிக்சோக்காரன் தண்டைத் தூக்குகிற நேரம் பெரியம்மாவுக்குத் தும்மல் வந்தது. முகம் மேலே போயிற்று. உடனே எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சேலையை வாய்க்குள் அடைத்து, சத்தமே வராமல் தும்மினார். தோள் மட்டும் குலுங்கியது. அப்படி ஒரு தும்மலை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அதன்பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அப்பா தடையில்லாமல் சவரம் செய்தார். தம்பி நித்திரைக்கு அழுது அழுது, கடைசியில் சித்தப்பாவின் தோளில்தான் கண்மூடப் பழகினான்.

பயம் என்னிடம் வந்து சேர்ந்தது. பெரியம்மா தும்மாத வீட்டில் என் தும்மல் ஒவ்வொன்றும் எல்லாருக்கும் கேட்கும். கேட்டால் என்னையும் அனுப்புவார்கள். அனுப்பினால் பரவாயில்லை, பெரியம்மாவிடம் போகலாம் என்று சில நேரம் நினைப்பேன். அடுத்த நிமிடமே வேறு நினைப்பு வரும்: அந்தக் கடைசிக் கண்ணாடியில் இருந்தது என் துளி. தொட்டிலடிக்கு எட்டியது நான்தான், பெரியம்மா அல்ல. பத்து வயதுப் பிள்ளையின் நியாயம் அப்படித்தான் ஓடும். தலைமயிரில் இருந்து விழுந்த குளித்த நீருக்கும் வாயிலிருந்து வருவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் பயத்துக்குத் தெரியவில்லை.

மூக்கைப் பிடித்து அடக்கப் பழகினேன். காதுக்குள் டப்பென்று அடிக்கும். ஒரு காது பல நாள் குத்தியது. வகுப்பில் ஒருமுறை அடக்க முடியாமல் எழுந்து வெளியே ஓடினேன். ஆசிரியை என்னைச் சுவர்ப் பக்கம் பார்க்க நிறுத்தினார். பின்னேரங்களில் மூக்கு அரித்தால் ரயில் பாதைக்கு ஓடுவேன். பாதைக்கும் கடலுக்கும் நடுவில் கறுத்தப் பாறைகள். அதில் நின்று பாணந்துறை ரயில் வரும்வரை காத்திருந்து, அது இரைந்துகொண்டு கடக்கும்போது கடலைப் பார்த்துத் தும்முவேன். என் சத்தம் எனக்கே கேட்காது. அலையில் தெறித்த உவர்நீர் முகத்தில் படும். இந்தத் துளி எங்கே போய் யாரைப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு நிற்பேன்.

சித்தப்பா அடிக்கடி இருமினார். அது சின்ன இருமல், தொண்டையைச் செருமுவது போல, கைலேஞ்சியை வாயில் வைத்து மரியாதையாக. அந்த இருமலை நாங்கள் எல்லாரும் கேட்டோம். ஒருவரும் அதை ஒரு சத்தமாக எடுக்கவில்லை.

ஆடி மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. வந்து போகும், திரும்ப வரும். கழுத்தின் இடப்பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தெரிந்தது. பிறகு இன்னொன்று. பெரியம்மா போய் ஏழு கிழமை ஆகியிருந்தது.

பாமன்கடையில் ஒரு வயதான டொக்டர் இருந்தார். சித்தப்பா, தானே பார்த்துக்கொள்ளலாம், நெறிக்கட்டுத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அம்மா அவரைக் கேளாமல் அப்பாவை அனுப்பி அந்த டொக்டரைக் கூட்டிவரச் செய்தாள். அவர் தம்பியின் கழுத்தை இரண்டு விரலால் வெகுநேரம் தடவிப் பார்த்தார். கட்டில், தொட்டில், யன்னல் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து கேட்டார்:

"இந்த வீட்டிலை ஆர் இருமுறது?"

அம்மா அவசரமாகச் சொன்னாள்: "என்ரை அக்கா இருந்தவ டொக்டர். காலமையிலை ஒரே தும்மல். அவவை அனுப்பிப்போட்டம்."

"தும்மினவவை நான் கேக்கேல்லை பிள்ளை. காலமை எழும்பினவுடனை அடுக்காத் தும்முறது தூசிக்கும் பூஞ்சணத்துக்கும். இருமுறது ஆர்?"

ரயில் ஒன்று போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. சித்தப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். அதில் ஆச்சரியம் இருக்கவில்லை. அதை நான் இன்றைக்கும் பலவிதமாக யோசித்துப் பார்க்கிறேன்.

"நான்தான் டொக்டர்" என்றார்.

"எவ்வளவு காலம்?"

"தை மாசத்திலை இருந்து."

அம்மா தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். ஓர் அடி, இரண்டு அடி, சுவரில் முதுகு முட்டும்வரை. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே விறாந்தைக்கு இறங்கி, படியையும் கடந்து, முற்றத்தில் வெயிலில் போய் நின்றார்.

இரண்டு நாளில் சித்தப்பாவின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நுரையீரலிலும் இருந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு சயரோகச் சனட்டோரியத்தில் கட்டில் கிடைத்தது. அவரே தன் பாயைச் சுருட்டினார். வெள்ளை அடிக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மெத்தைகளைக் கடற்கரையில் எரித்தபோது இலவம்பஞ்சு தீப்பொறியோடு மேலே பறந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். கோட்டையில் இறங்கி ட்ராம் ஏறினோம். அப்பா வழி முழுக்கத் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டு வந்தார். கோயில் மணி அடித்து, வெள்ளை உடுப்போடு ஆட்கள் மாதா கோயிலிலிருந்து வெளியே வருகிற நேரம். அதற்குப் பின்னால் ஒரு முடுக்கு. எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு தண்ணிக் குழாய்.

தையற்காரரின் மனைவி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வெளியே வந்தார். "வாங்கொ, வாங்கொ. அக்கா உள்ளுக்குத்தான் ஈக்கிறாங்க" என்றவர், என்னைப் பார்த்து, "புள்ளட மொகத்தப் பாத்தா அவங்கட மொகம் மாதிரியே ஈக்கி" என்றார்.

பெரியம்மா ஒரு பலகைக் கட்டிலில் பாய் விரித்து, அதில் துணிகளைப் பரப்பி வெட்டிக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது. எப்போதும் சிவந்து கிடக்கிற மூக்கு நுனி சிவப்பில்லாமல் இருந்தது. எனக்கு முதலில் வேறு யாரோ போலத் தோன்றியது.

அப்பா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பெரியம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"சின்னவன் சாப்பிடுறானே?"

"கொஞ்சம். கட்டியை வெட்டவேணும் எண்டு சொல்லினம்."

"தம்பியோடை ஆர் நிக்கினம்?"

அவர் சித்தப்பாவைக் கேட்கிறார் என்று அப்பாவுக்கு உடனே விளங்கவில்லை. "அங்கை நேர்ஸ்மார் இருக்கினம்" என்றார்.

தையற்காரரின் மனைவி கோப்பியோடு வந்தார். "இவங்களுக்குத் தும்மல் வருத்தம் எண்டு சொல்லித்தானே அனுப்பினீங்க?" என்று அப்பாவை நேரே கேட்டார். "வந்த ரெண்டு மூணு நாள் தும்மினாங்க. பொறகு ஒரு நாளும் இல்ல. எங்கட ஊட்டுல பஞ்சு மெத்தையும் இல்ல, ஒண்டும் இல்ல."

அப்பா கோப்பியைப் பிடித்தபடி குடிக்காமல் நின்றார். நோய் எங்களுக்கு அவரிடமிருந்து வரவில்லை. அவருக்குத்தான் அந்தத் தும்மல் எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கிறது.

"வீட்டை வாங்கோ" என்றார் அப்பா கடைசியில். "அவளும் அதைத்தான் சொல்லுறாள்."

"பிள்ளையைப் பாக்க வாறன். இருக்க வரமாட்டன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அதற்குமேல் கேட்க இடம் வைக்காமல் சொன்னார். அப்பா தையற்காரரோடு கதைக்க முன்பக்கம் போனபோது, நான் குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவின் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடித் துண்டில் விழுந்த துளியைப் பற்றிச் சொன்னேன். ஏறக்குறைய மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்தது. அழுகையில் பாதிச் சொல் வெளியே வரவில்லை.

பெரியம்மா கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். சேலையால் என் மூக்கைத் துடைத்தார். "அந்தத் துளி விழாட்டியும் அனுப்பியிருப்பினம் பிள்ளை" என்றார். "கொம்மாவின்ரை கண்ணிலை நான் அதை முதலே கண்டனான்."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அம்மாவை எனக்குக் காட்டிக் கொடுத்ததும் அந்த வார்த்தைதான். பல வருடம் நான் அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் பயத்தை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு பிள்ளை பிறக்கவேண்டியிருந்தது.

மிச்சத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தம்பியின் கழுத்தை வெட்டிச் சுகமாக்கினார்கள். அந்தத் தழும்போடு அவன் இன்றும் இருக்கிறான், வெளிநாட்டில். சித்தப்பா மூன்று வருடம் படுக்கையில் கிடந்து பிழைத்தார். டொக்டராகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தார், கல்யாணம் செய்யவில்லை. சுகமாகிவிட்டது என்று எத்தனை டொக்டர் எழுதிக் கொடுத்தும் பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் எழுந்து தள்ளிப் போய்விடுவார். என் கல்யாணத்துக்கு வந்தவர் பந்தலுக்கு வெளியே ஒரு வேலியோரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அவர் தம்பியைத் தூக்கிக்கொண்டு உலாத்திய அந்த மாதங்களில், தனக்குள் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்ததா? படிப்பு நின்றுவிடும் என்ற பயத்தில் தெரியாததுபோல இருந்தாரா? வேறொருவரில் நோயைத் தேடினால் தன்னில் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தாரா? ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறொரு நாளைப் பற்றி.

சித்தப்பா சனட்டோரியத்துக்குப் போனபிறகு அப்பா இரண்டு தடவை போய், வாசலில் லேஞ்சியை மூக்கில் வைத்தபடி நின்றுவிட்டு வந்தார். அம்மா போகவில்லை. கூடப் படித்தவர்களும் வரவில்லையாம். பெரியம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் போனார். அதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அங்கேயிருந்த நேர்ஸ் சொல்லித்தான் தெரியும். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் பெரியம்மாவோடு ரயிலேறினேன்.

பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். பெரியம்மா என்னை வெளியே ஒரு மரத்தடியில், திறந்த யன்னலிலிருந்து நல்ல தூரத்தில் நிறுத்தினார். நீளமான விறாந்தை, வரிசையாகக் கட்டில்கள். பினாயில் மணம். சித்தப்பா கடைசிக் கட்டிலில் இருந்தார். அவருடைய கழுத்து எலும்பு அவ்வளவு தூரத்திலேயே தெரிந்தது. பெரியம்மாவைக் கண்டவுடன் போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டு மற்றக் கையால், பின்னால் போங்கள் என்று காட்டினார்.

"அக்கா, தள்ளி இருங்கோ."

"எவ்வளவு தள்ளி? அளந்து சொல்லும்."

சித்தப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன். இருமல் சத்தம் வரவில்லை. பெரியம்மா கதிரையைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு இருந்தார். தான் தைத்துக் கொண்டுவந்த சட்டையை விரித்து அவருடைய தோளில் அளவு வைத்துப் பார்த்தார். அவித்த முட்டையை உரித்து உப்புத் தொட்டுக் கொடுத்தார். பிறகு பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, அவருடைய கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக நகம் வெட்டினார். கொண்டிஸ் கறை போய் நகம் வெள்ளையாக வளர்ந்திருந்தது. மணி அடிக்கும்வரை இருவரும் மெல்லிய குரலில் ஏதோ கதைத்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. ஒருமுறை இருவரும் சிரித்தார்கள்.

திரும்பி வருகிற ரயிலில் பெரியம்மா யன்னல் பக்கம் இருந்தார். சவுக்காரம் போட்டு முழங்கைவரை கழுவியிருந்தார். கைகள் இன்னும் ஈரமாக இருந்தன. மருதானையை நெருங்கும்போதுதான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"உங்களுக்குப் பயமில்லையோ பெரியம்மா?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயம்தான்" என்றார். "ஒவ்வொரு கிழமையும் அந்தப் படியடியிலை ஒருக்கா நிண்டிட்டுத்தான் ஏறுவன். ஆனா நானும் பயத்திலை அங்கை போகாமல் விட்டா, அவன் அங்கை தனியக் கிடந்தெல்லோ பயப்படுவான்."